பம்ப் நின்று சூடேறிய படகு எஞ்சின்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதம் இது. படகுக்குள் பொருத்திய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். உள்ளே கூலன்ட் சுற்றுகிறது, அதை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெளித்தண்ணீர் குளிர்விக்கிறது. போகிற வழியில் அலாரம் அடித்தது, நிறுத்த இடமில்லாததால் வேகத்தைக் குறைத்து இன்னும் ஏழெட்டு நிமிடம் ஓட்டிக் கரை சேர்ந்தீர்கள். சூடு காட்டும் முள் 110 வரை போய் அப்புறம் கொஞ்சம் இறங்கியது. வெளித்தண்ணீர் பம்பைத் திறந்தால், உள்ளே சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் எட்டு இறக்கையில் மூன்றுதான் மிச்சம். எஞ்சின் ஆறியதும் ஒன்றரை லிட்டர் கூலன்ட் ஊற்ற வேண்டியிருந்தது. புது இம்பெல்லர் போட்டு, படகைக் கட்டிவைத்தபடியே மூன்று தடவை ஓட்டியிருக்கிறீர்கள்; நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் கூலன்ட் இன்னும் அரை லிட்டர் குறைந்திருக்கிறது, பின்னால் வெண்புகை முன்னைவிட அதிகம். ஒரு மெக்கானிக் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, கழற்றியே ஆகணும் என்கிறார், இன்னொருவர் ஓடுதில்ல, விடுங்க என்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி. அதற்கு அடியில் இருக்கும் கேள்வி, கழற்றாமலே உள்ளே நடந்ததை எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ள முடியும் என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாக இந்த மாதிரி எஞ்சின்களைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மெக்கானிக்குமே அவசரப்படுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஓடுகிறது என்பது எதற்கும் சாட்சி ஆகாது; ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட் பாதி போன எஞ்சின்கூட மாதக்கணக்கில் ஓடும். அதே சமயம், நல்ல ஹெட்டைத் தேவையில்லாமல் கழற்றுவதும் சின்ன வேலை இல்லை. நடுவில் செய்துபார்க்க வேண்டிய சோதனைகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு துணியும் ஒரு வாளியும் போதும்.

முதலில் சூடு எங்கே எந்த வரிசையில் போயிருக்கும் என்று பார்ப்போம். உங்கள் எஞ்சினில் இரண்டு பம்ப். வெளித்தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் பம்ப் ஒன்று, உள்ளே கூலன்ட்டைச் சுற்றவிடும் பம்ப் இன்னொன்று. செத்தது முதலாவது. உள்பம்ப் அந்த நேரமெல்லாம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது, ஆகவே சூடு ஒரே இடத்தில் குவியாமல் எஞ்சின் முழுக்கப் பரவியிருக்கும். இது நல்ல விஷயம். உள்பம்ப் நின்றிருந்தால், முள் நகர்வதற்கு முன்பே நாலாவது சிலிண்டர் பக்கம் ஹெட் வெந்திருக்கும், நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

ஒரு தோராயக் கணக்குப் போடுகிறேன். 200 கிலோ இரும்பு, 10 லிட்டர் கூலன்ட் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து ஒரு டிகிரி ஏறச் சுமார் 130 கிலோஜூல் வேண்டும். நல்ல வேகத்தில் போகும்போது கூலன்ட்டுக்குள் 30 கிலோவாட் சூடு இறங்குகிறது என்றால் நிமிடத்துக்கு 14 டிகிரி ஏறும். வேகத்தைக் குறைத்து அது 10 கிலோவாட் ஆனால் நிமிடத்துக்கு நாலைந்து டிகிரி. நீங்கள் வேகத்தைக் குறைத்தது எஞ்சினைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்வது இதனால்தான். அப்புறம் கொதிநிலை. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், கூலன்ட்டை அழுத்தத்தில் வைத்திருக்கும் 0.9 பார் மூடி சரியாக இருந்தால் 119 வரை தாங்கும், கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி மேலே. அதைத் தாண்டினால் ஏறுகிற சூடெல்லாம் நீராவியாகத்தான் வெளியே போகும்: 10 கிலோவாட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக நாலு நிமிடம்கூட ஆகாது.

அதனால்தான் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான எண். ஒன்றரை லிட்டர். முழுதும் நீராவியாகப் போயிருக்காது. கொதிக்கும்போது குமிழி தள்ளித் திரவமாகவே மூடி வழியே நிறைய வெளியேறிவிடும். ஆனாலும் பத்தில் ஒன்றரை பங்கு என்றால் ஹெட்டின் மேல்பகுதியில் காற்றோ ஆவியோ தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. முள் இறங்கியது, அதனால் சேதம் இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வரிதான் என்னை நிறுத்தியது. வேகத்தைக் குறைத்ததால் உண்மையிலேயே சூடு இறங்கியிருக்கலாம். ஆனால் வெளித்தண்ணீர் வராதபோது, படகைத் தள்ளும் சுமை, அதாவது லோடு, இன்னும் இருக்கும்போது, சூடு எப்படி இறங்கும்? சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். அது இருக்கும் இடத்தில் ஆவி சேர்ந்துவிட்டால் முள் கீழே வரும், பக்கத்தில் உலோகம் ஏறிக்கொண்டே போகும். இரண்டில் எது நடந்தது என்று உங்கள் எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. சென்சார் ஹெட்டில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சூட்டுக்கேற்பக் கூலன்ட் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் வீட்டிலேயே, எஞ்சினின் உச்சியில் இருந்தால் இரண்டாவது சந்தேகம் வலுக்கும்.

எஞ்சின் உள்ளுக்குப் போவதற்கு முன், எல்லோரும் மறக்கிற இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை எஞ்சினை விட்டுவிட்டுப் படகையே மூழ்கடிக்கும். வெளித்தண்ணீர் நின்றதும் முதலில் சுட்டது எஞ்சின் இல்லை, எக்ஸாஸ்ட் ஹோஸ். லோடில் வெளிவரும் புகை சில நூறு டிகிரி சூடு. எல்போ என்ற வளைவுக் குழாயில் தண்ணீர் கலந்து குளிர்ந்த பிறகு வருவதைத் தாங்கத்தான் அந்த ரப்பர் செய்யப்பட்டிருக்கிறது. தண்ணீர் இல்லாத ஏழெட்டு நிமிடம் அது வறண்ட புகையைத் தாங்கியிருக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை எல்போவிலிருந்து உருவி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், விரலைவிட்டுத் தடவுங்கள். உள்சுவர் கொப்புளித்திருந்தாலோ, தோல் உரிந்து மடிப்பாகத் தொங்கினாலோ, கருகின ரப்பர் கையில் பொடியாக வந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். உரிந்த மடிப்பு புகைவழியைப் பாதி அடைத்துக்கொண்டு எஞ்சினைத் திணறவைக்கும், அதைப் பார்த்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்திப் பிடிக்கும் திறன்) போச்சு என்று ஹெட்டைக் கழற்றினவர்களை எனக்குத் தெரியும். புகையோடு வரும் தண்ணீர் தங்கும் பெட்டியான வாட்டர்லாக் பிளாஸ்டிக்காகவோ ஃபைபராகவோ இருந்தால் அதன் உள்நுழையும் வாய்ப் பக்கத்தையும் அமுக்கிப் பாருங்கள், வெந்த இடம் வளைந்தோ மெத்தென்றோ இருக்கும். இங்கே ஓட்டை விழுந்தால் தண்ணீர் மட்டுமில்லை, கார்பன் மோனாக்சைடும் படகுக்குள் வரும்.

இரண்டாவது, புரொப்பெல்லர் தண்டின் சீல். தண்ணீர் சொட்டாத வகை சீல் பலவற்றுக்கு இதே பம்பிலிருந்துதான் ஒரு சின்னக் குழாய் தண்ணீர் கொடுக்கிறது. உங்களுடையது அந்த வகை என்றால் அதுவும் அந்த நேரமெல்லாம் வறண்டு சுற்றியிருக்கிறது. படகு தண்ணீரில் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். அப்படியே கியர்பாக்ஸ் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். பல படகுகளில் அதன் கூலரும் இதே தண்ணீர் வரிசையில்தான் இருக்கும். கருகின வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

சரி, இப்போது அந்த ஐந்து இறக்கைகள். பம்புக்குள் எத்தனை கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கலாம் என்றிருந்தேன். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கிடைத்த துண்டுகளையெல்லாம் பழைய இம்பெல்லரின் குடத்தைச் சுற்றி, ஒவ்வொன்றும் உடைந்த விளிம்போடு பொருந்துகிற மாதிரி அடுக்குங்கள். எட்டு இறக்கையும் முழுதாக அமையும்வரை தேடல் முடியவில்லை. பம்பின் வெளிவாய்க் குழாயின் முதல் வளைவு, கியர்பாக்ஸ் கூலரின் வாய், கடைசியாக ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முனை மூடி: இந்த வரிசையில் பாருங்கள். எக்ஸ்சேஞ்சர் மூடியைத் திறந்தால் மெல்லிய குழாய்களின் வாய்கள் தேன்கூடு மாதிரி தெரியும், அதன்மேல் கறுப்பாக ஒரு துண்டு ஒட்டியிருக்கும், சில சமயம் முந்தின உரிமையாளர் காலத்துத் துண்டும் கூடவே இருக்கும். இப்போது கட்டிவைத்தபடி ஓட்டும்போது சூடு ஏறவில்லை என்பது இந்த அடைப்பு இல்லை என்பதற்கு ஆதாரம் கிடையாது. லோடு இல்லாமல் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் பாதி அடைத்த எக்ஸ்சேஞ்சரே போதும். லோடு ஏற்றினால்தான் தெரியும்.

உங்கள் வெண்புகைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பின்னால் வருவது நீராவியா, எரியாத டீசலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நீராவி சில அடி தூரத்தில் காற்றில் கரைந்துவிடும், கண்ணை எரிக்காது. எரியாத டீசல் தண்ணீர்மேல் தாழ்வாகத் தவழ்ந்து நிற்கும், வாடை அடிக்கும், கண் கரிக்கும், பின்பக்கம் தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் விடும். நீராவி என்றால், தண்ணீர் குறைவாக வருகிறது என்பதே முதல் சந்தேகம். எக்ஸாஸ்ட் வாயில் வாளியைப் பிடித்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்து எஞ்சின் புத்தகத்தில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். தண்ணீர் சரியாக வந்தும் நீராவி குறையவில்லை என்றால்தான் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறதா என்ற கேள்வி. டீசல் புகை என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, அல்லது டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனி சூட்டில் கெட்டிருக்கிறது.

குறைந்த அரை லிட்டருக்கும் பயப்படாத விளக்கம் ஒன்று உண்டு. கொதித்து வெளியேறின எஞ்சினில் மறுபடி ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு தடவை ஓடி ஆறும்போது அந்தக் காற்று வெளியே வர, மட்டம் இறங்கும். மூன்று ஓட்டத்தில் அரை லிட்டர் என்பது அதற்குள் அடங்கும். ஆனால் நாலாவது, ஐந்தாவது ஓட்டத்திலும் இறங்கினால் அது காற்று இல்லை. அப்போது போகக்கூடிய வழிகள்: மூடியின் ரப்பர் வெந்து பிடிப்பு விட்டிருக்கலாம், எக்ஸ்சேஞ்சரின் முனை ரப்பரோ ஓ-ரிங்கோ இறுகிப்போயிருக்கலாம், அங்கே உள்பக்க அழுத்தம் வெளித்தண்ணீரைவிட அதிகம் என்பதால் கூலன்ட் சத்தமில்லாமல் வெளித்தண்ணீரோடு கலந்து போய்விடும், படகுக்குள் ஒரு சொட்டு விழாது. கடைசிச் சந்தேகம்தான் கேஸ்கட்டும் ஹெட்டும். மட்டத்தை எப்போதும் காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, ஒரே இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுப் பாருங்கள்.

ஆயில் நன்றாக இருக்கிறது என்றீர்கள், டிப்ஸ்டிக்கில் பார்த்துச் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். டிப்ஸ்டிக் காட்டுவது மேல்மட்டத்தை. தண்ணீர் அடியில் கிடக்கும். ஓர் இரவு எஞ்சினை ஆடாமல் விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆயில் எடுக்கும் பம்பின் மெல்லிய குழாயை டிப்ஸ்டிக் ஓட்டை வழியே, ஆயில் தேங்கும் சம்ப்பின் தரைவரை இறக்கி, முதல் அரை டம்ளரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். அதில் ஒரு துளியைச் சூடான இரும்புத் தட்டில் விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூட இந்தச் சத்தத்தில் மாட்டிக்கொள்ளும். தெறிக்கும் என்பதால் முகத்தை எட்டவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் என்று முடிவுகட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் தவறான முடிவு அதிகம் நடக்கிறது. வெளித்தண்ணீர் பம்ப் நேராக எஞ்சினின் கியர் மூடியில் பொருத்தின வகை என்றால், அதன் தண்டில் இரண்டு சீல் இருக்கும், தண்ணீருக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று. நடுவில் கசிவு வெளியே சொட்ட ஒரு சிறு துளை. வறண்டு ஓடின பம்பில் தண்ணீர் சீல் வெந்திருக்கும். அந்தத் துளை உப்பாலோ பெயின்ட்டாலோ அடைத்திருந்தால் கசியும் தண்ணீர் வெளியே வர வழியின்றி ஆயில் சீலைத் தாண்டி நேராகச் சம்ப்புக்குள் போகும். ஆயில் பால்போல வெளுத்திருக்கும், பழுது பம்பில், ஹெட் சுத்தமாக நன்றாக இருக்கும். புது இம்பெல்லர் மட்டும் போட்டீர்கள், சீலை மாற்றவில்லை என்றால் இது உங்களுக்கும் நடக்கலாம். துளையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். ஆயில் கூலர் உடைந்தாலும் இதே பால்தான் வரும். வந்தது எந்தத் தண்ணீர் என்று பிரிக்க ஆயில் சாம்பிளை லேபுக்கு அனுப்பலாம். சோடியமும் மெக்னீசியமும் சேர்ந்து ஏறியிருந்தால் கடல்நீர் பக்கம் சந்தேகம் வலுக்கும், கிளைகால் இருந்தால் கூலன்ட். அதே தாளில் ஈயம், வெள்ளீயம், செம்பு ஏறியிருந்தால் பேரிங்கைப் பற்றியும், அலுமினியம் ஏறியிருந்தால் பிஸ்டனைப் பற்றியும் யோசிக்கலாம். பழைய ஆயிலை மாற்றுவதற்கு முன் சாம்பிள் எடுத்துவிடுங்கள், மாற்றினால் சாட்சி போய்விடும். மாற்றும்போது ஃபில்டரையும் அறுத்து, உள்தாளை விரித்து வெயிலில் பாருங்கள், மினுமினுப்பு இருக்கிறதா என்று. கடல்நீர்தான் என்று தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் ஆயிலை இரண்டு மூன்று தடவை மாற்றி அலசிவிடுங்கள், உப்பு பேரிங்கைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

அடுத்தது கையால் சுற்றிப் பார்ப்பது. ஒரு வாரம் நின்ற பிறகு, கீ போடாமல், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டின் நட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி எஞ்சின் ஓடும் திசையிலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கம்ப்ரஷன் வரும் இடத்தில் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து, கொஞ்சம் பொறுத்தால் மெல்ல விட்டுக்கொடுக்கும். நான்கு சிலிண்டரிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்கேயாவது கல்லில் முட்டின மாதிரி டக்கென்று நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், பலத்தைப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அப்படித்தான் நிற்கும், அந்த நிலையில் ஸ்டார்ட்டர் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் ஓட்டை வழியே வெளியே வரும். இன்னொன்றும் மறக்க வேண்டாம்: எஞ்சின் எடுக்காமல் நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டி வந்தால் வெளித்தண்ணீர் நுழையும் கடல்வாய் வால்வை மூடிக்கொண்டு அடியுங்கள், எடுத்ததும் திறவுங்கள். புகை இல்லாமல் பம்ப் மட்டும் சுற்றினால் அது வாட்டர்லாக்கை நிரப்பிப் பின்வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீரைக் கொண்டுவிடும். சூட்டுக்குத் தப்பின எஞ்சினைச் சோதனை செய்கிறேன் என்று இப்படி மூழ்கடித்தவர்கள் உண்டு.

பிஸ்டன் உராய்ந்திருக்குமா? 90 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 0.1 மி.மீ. பெருக்கும், இரும்பு லைனர் அதே சூட்டுக்கு அதில் பாதிதான் பெருக்கும். நடுவில் இருக்கும் இடைவெளியே அந்த அளவுதான் என்பதால் பிடித்துக்கொள்ளும். பிடித்திருந்தால் அன்று த்ராட்டிலைத் தொடாமலே எஞ்சின் வேகம் தானாகத் தளர்ந்திருக்கும், சத்தம் கனத்திருக்கும். அப்படி ஒன்றும் நீங்கள் எழுதவில்லை, நன்றாக யோசித்துப் பாருங்கள், கூட இருந்தவர்களையும் கேளுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றும் நாளில் மெல்லிய கேமராவை இறக்கிச் சிலிண்டர் சுவரைப் பார்த்துவிடலாம்: மேலிருந்து கீழாக நீளக் கோடுகள் தெரிந்தால் உராய்ந்திருக்கிறது. எந்தச் சிலிண்டரிலாவது பிஸ்டன் தலை மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் அங்கே கூலன்ட் இறங்குகிறது.

அதே நாளில் கம்ப்ரஷனையும் எடுங்கள். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எண் பொய். எவ்வளவு பார் இருக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், புத்தகம் சொல்வதுதான் அளவு. நான் முதலில் பார்ப்பது நான்குக்கும் இடையிலான வித்தியாசம். மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்தால் அந்தச் சிலிண்டர். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து விழுந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம். விழுந்த சிலிண்டரைக் கம்ப்ரஷன் முனைக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொண்டு காற்றை ஏற்றி எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோ.

இவ்வளவும் நன்றாக வந்தாலும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கிறது. இதெல்லாம் ஆறின எஞ்சினில் செய்யும் சோதனை. ஹெட்டில், இரண்டு வால்வுக்கு நடுவே விழும் மயிரிழை விரிசல் ஆறினால் மூடிக்கொள்ளும். ஒரு மீன்பிடிப் படகின் எஞ்சினில் கூலன்ட் பக்கம் 1 பார் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் வைத்தோம், முள் அசையவில்லை. கம்ப்ரஷனும் நான்கிலும் சமம். கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு என்று நானே சொல்லிவிட்டேன். அன்று மாலை கட்டிப்போட்டு, கியர் போட்டு முக்கால் மணி நேரம் லோடில் ஓட்டினதும் கூலன்ட் டேங்கில் மணிமணியாகக் குமிழி வர ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில், வால்வுகளுக்கு நடுவே, நகத்தை வைத்து இழுத்தால்கூடத் தட்டுப்படாத கோடு. சாயம் போட்ட பிறகுதான் சிவப்பாக எழுந்து தெரிந்தது. அந்த நாளுக்குப் பிறகு சூட்டுச் சோதனை இல்லாமல் நான் யாருக்கும் சரி என்று சொல்வதில்லை.

அதனால் ரப்பர் துண்டுகள் கிடைத்து, ஹோஸ் சரிபார்த்து, புது தெர்மோஸ்டாட், புது மூடி போட்டு, ஆயில் மாற்றின பிறகு, படகை முன்னும் பின்னும் நல்ல கயிற்றால் கட்டி, கியர் போட்டு லோடில் ஓட்டுங்கள். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் இன்னும் சூடாகாதபோதே ஹோஸ் கல்லாக இறுகினால் அது ஆவியின் அழுத்தம் இல்லை, சிலிண்டர் புகை கூலன்ட்டுக்குள் வருகிறது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம். டேங்கில் குமிழி, மட்டம், தெர்மோஸ்டாட் வீட்டின் சூடு, எக்ஸ்சேஞ்சருக்கு முன்னும் பின்னும் சூடு, சூடேறின பின் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர், எஞ்சின் உள்ளிருக்கும் காற்று வெளிவரும் ப்ரீதரில் புகை எவ்வளவு என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதிவையுங்கள். கூலன்ட்டில் சிலிண்டர் புகை கலந்திருந்தால் நிறம் மாறும் நீலச் சோதனைத் திரவமும் இருக்கிறது, நிறம் மாறினால் நம்பலாம். மாறவில்லை என்பதை டீசலில் நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஐட்லிங்கில் டீசல் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள், எதற்காகவும்.

குமிழி வந்தால், அல்லது மட்டம் தொடர்ந்து இறங்கி வெளிக்கசிவு எங்குமே இல்லையென்றால், அல்லது பக்கத்துச் சிலிண்டர் இரண்டு விழுந்திருந்தால், ஹெட்டைக் கழற்றச் சொன்னவர் சொன்னது சரி. கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடாதீர்கள். நேர்க்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் வளைவைப் பாருங்கள், நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும். விரிசலுக்குச் சாயச் சோதனை அல்லது அழுத்தச் சோதனை செய்த பிறகே, பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேஸிங்குக்குக் கொடுங்கள். விரிசலோடு ஃபேஸிங் போட்ட ஹெட் திரும்ப வந்துவிடும். ஹெட் அலுமினியம் என்றால் உலோகமே மென்மையாகிவிட்டதா என்று கடினத்தன்மையும் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கும்போது நீண்டுவிடும், ஒரு தடவைதான் பயன்படும் வகை போல்ட் என்றால் புதுசு போடுங்கள். கழற்றாமல் போல்ட்டை மட்டும் இன்னும் இறுக்குவது வளைந்த ஹெட்டைச் சரிசெய்யாது.

குமிழி இல்லை, மட்டம் நின்றுவிட்டது, கம்ப்ரஷன் சமம், ஆயில் சுத்தம் என்று வந்தால் ஹெட்டைத் தொடாதீர்கள். அப்போதும் என்னால் உறுதி சொல்ல முடியாத இரண்டு உண்டு. சூட்டில் ரிங் விறைப்பைக் கொஞ்சம் இழந்திருந்தால் அது இன்று தெரியாது, அடுத்த நூறு மணி நேரத்தில் ஆயில் குடிப்பதில் தெரியும். மெல்லிசான ஆயிலில் ஓடின பேரிங் தேய்ந்திருந்தால் பிரஷர் மெதுவாக இறங்கும். அதற்காக 25 மணி நேரத்தில் ஒரு தடவை ஆயில் மாற்றி மறுபடி சாம்பிள் கொடுங்கள், முதல் தாளோடு வைத்துப் பாருங்கள். அதுவரை துணைக்கு ஆள் இல்லாமல், கரை கண்ணில் படாத தூரத்துக்குப் போக வேண்டாம்.

இறக்கைகள் ஏன் உடைந்தன என்பதையும் விட்டுவிடாதீர்கள். வயதால் உடைந்திருந்தால் இறக்கையின் அடியில் பல இடத்தில் சின்னச் சின்ன வெடிப்பு இருக்கும். தண்ணீரே வராமல் வறண்டு ஓடி உடைந்திருந்தால் மிச்சமுள்ள மூன்றின் நுனியும் மழுங்கிக் கருகியிருக்கும், அப்படியென்றால் வெளித்தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் மூடி ரப்பரோ, கடல்வாயில் ஒட்டின பிளாஸ்டிக் பையோதான் முதல் குற்றவாளி, புது இம்பெல்லரும் அதே வழியில் போகும். இந்த மூன்று இறக்கையின் நுனியைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், துணியில் அடுக்கின துண்டுகளையும். கம்ப்ரஷன் எண்கள் நான்கும், ஒரு மணி நேர ஓட்டத்தில் எழுதினதும் கிடைத்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துவிட்டு ஹெட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.